வெள்ளைக்குத் தரங்கம்பாடி, சிவப்புக்குக் காரைக்கால்

ஏப்ரல் 21, திங்கள்

மே மாதம் நெருங்கினால் எங்கள் வீட்டில் மாம்பழமும் சண்டையும் சேர்ந்தே வரும். எங்கே போவது என்ற சண்டை. நாங்களும் என் நாத்தனார் சாவித்திரியின் குடும்பமும் வருஷா வருஷம் சேர்ந்து ஒரு பயணம் போவது வழக்கம். ஊட்டி, ஏற்காடு, வால்பாறை என்று மலையாகவே ஏறி இறங்கி என் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். இந்த வருஷம் கடல் என்று முடிவாகியிருக்கிறது. சின்னவள் மதுமிதா கேட்டது அது ஒன்றைத்தான். ஜூனில் பன்னிரண்டாம் வகுப்பு ஆரம்பித்துவிட்டால் அவள் தலையைத் தூக்க முடியாது. கோபிசெட்டிபாளையத்தில் பிறந்த பிள்ளைக்கு வாய்க்கால் தெரியும், கடலைப் பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை பார்த்ததோடு சரி.

சாவித்திரி போனில் தரங்கம்பாடி என்றாள். கோட்டை இருக்கிறதாம், பழைய தெருக்களாம், காற்றே மருந்தாம். நான் காரைக்கால் என்றேன். பக்கத்திலேயே திருநள்ளாறு. என் வீட்டுக்காரருக்கு ஏழரைச் சனி நடக்கிறது, ஒரு முழுக்குப் போட்டால் நல்லது. கடற்கரையில் உட்கார இடம் இருக்கிறது. லாட்ஜ் நிறைய இருக்கிறது.

"அண்ணி, காரைக்கால்ல கண்ட பக்கமெல்லாம் சாராயக் கடைங்க. எங்க வீட்டுக்காரரை அங்க கூட்டிட்டுப் போனா ரூமை விட்டே வெளிய வர மாட்டாரு" என்றாள்.

இரண்டு ஊருக்கும் இடையே ஒரு டீ ஆறுவதற்குள் போய்விடலாம். ஒரே கடல்தான். அதற்கு ஒரு மணி நேரம் பேசினோம்.

போனை வைத்ததும் மது கேட்டாள்: "ஏம்மா, சனி பகவான் மேல உனக்கு எப்ப இருந்து இவ்வளவு பக்தி?"

மாவு அரைக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன். காரைக்காலில் என் மூத்த மகள் பிருந்தா இருக்கிறாள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் என்னைச் சொல்லக் கூடாது.

ஏப்ரல் 22, செவ்வாய்

கரண்ட் இல்லை. மாவு பொங்கி வழிந்து ஃபிரிட்ஜுக்குள் ஓடிவிட்டது. துடைத்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

அவர் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது பேச்சைத் தொடங்கினேன். அவர் என்றால் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. ஹார்டுவேர் கடை வைத்து ஊருக்கெல்லாம் தாழ்ப்பாளும் பூட்டும் விற்கிறவர். "லாட்ஜுக்குச் சொல்லி வெக்கோணும். காரைக்கால்னே சொல்லிரலாமுங்களா?" என்றேன்.

"ரசம் ஊத்து" என்றார்.

அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் அவருக்கு ரசம் வேண்டும், மோர் வேண்டும், கடைச் சாவி வேண்டும். மூன்று வருஷமாக இப்படித்தான்.

யாராவது இதை எடுத்துப் படித்தால் தலையும் வாலும் புரியாமல் போகும், அதனால் எழுதுகிறேன். பிருந்தாவுக்கு சாவித்திரி பார்த்துச் சொன்ன இடம். திருப்பூரில் பனியன் கம்பெனி, ஒரே பையன். எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதுவானாலும் பூக்கட்டிக் கேட்போம். வெள்ளை அரளி ஒரு பொட்டலத்தில், சிவப்பு அரளி ஒரு பொட்டலத்தில். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். மாரியம்மன் படத்துக்கு முன்னால் பித்தளைத் தட்டில் குலுக்கி வைத்து, வீட்டுப் பெண்பிள்ளை கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுக்கும். அவர் பிரித்துச் சொல்வார். கிணறு தோண்டியது, கடையை மெயின் ரோட்டுக்கு மாற்றியது எல்லாம் அப்படித்தான். பிருந்தாவின் கல்யாணத்துக்கு அவளே எடுத்துக் கொடுத்தாள். அவர் பிரித்துப் பார்த்து, வெள்ளை என்றார். கல்யாணம் நடந்தது.

ஒரு வருஷத்தில் கன்னம் வீங்கி வந்து நின்றாள். "சாமி உத்தரவு குடுத்த இடம் அம்மிணி, அனுசரிச்சுப் போ" என்று சொல்லி அவரே காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். நான் எலுமிச்சை ஊறுகாய் கட்டிக் கொடுத்தேன். இரண்டாவது முறை வந்தபோது அவர் கேட்டைத் திறக்கவில்லை. நான் சமையலறையில் இருந்தேன். அடுப்பில் பால் இருந்தது.

அவள் பிசியோதெரபி படித்தவள். காரைக்காலில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போய்விட்டாள். கோர்ட்டில் பிரிவும் ஆகிவிட்டது. நம்பரை மாற்றிவிட்டாள். இதெல்லாம் எனக்கு மது வாயிலிருந்து சிந்துவதுதான். "காரைக்கால்ல இப்பவே வெயில் தாங்கலையாமா" என்பாள். யார் சொன்னது என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த முறை சிந்தாது.

ஏப்ரல் 27, ஞாயிறு

சாவித்திரி வந்தாள். ஒரு கூடை மாங்காய் கொண்டு வந்தாள், கூடவே ஒரு செய்தியும். மாங்காயை வெட்டிக்கொண்டே சொன்னாள். திருப்பூர்க்காரன் போன வருஷம் ரெண்டாவது கல்யாணம் செய்துகொண்டான் அல்லவா, அந்தப் பெண்ணும் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாளாம். பல் உடைந்திருந்ததாம்.

"நான் என்னத்தைக் கண்டேன் அண்ணி? வெளிய பாத்தா தங்கமாட்டம் இருந்தான்" என்றாள். கண் கலங்கியது, மாங்காய்க் காரமா என்று தெரியவில்லை. பச்சை மாங்காய்க்கு ஏது காரம். நானும் ஏதோ எழுதுகிறேன்.

அவர் பக்கத்தில் தொட்டிக் குழாயைக் கழற்றிப் போட்டு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். காது கேளாதவர் போலவே இருந்தார். கடை முழுக்கக் குழாய் விற்கிற மனிதர், அந்த ஒரு குழாயை சாயந்திரம் வரை மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டிய பிறகும் ஒழுகுகிறது.

சாவித்திரி புறப்படும்போது மெதுவாகச் சொன்னாள்: "தரங்கம்பாடின்னா நானும் வர்றேன் அண்ணி. காரைக்கால்னா என்னால முடியாது. அந்தப் புள்ள எதுத்தாப்பல வந்துட்டா நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெப்பேன்?"

பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

மே 2, வெள்ளி

பயணம் இன்று முடிவாயிற்று. முடிவான விதம் எனக்கே நம்ப முடியவில்லை.

காலையில் பூஜை முடிந்ததும் சாவித்திரி வந்தாள். மறுபடியும் தரங்கம்பாடி, காரைக்கால் என்று நானும் அவளும் ஆரம்பித்தோம். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "எதுக்கு வளவளன்னு பேசீட்டு? பூக்கட்டிக் கேட்டுப் போடலாம்" என்றார்.

"டூருக்கெல்லாமா சாமியைத் தொந்தரவு பண்ணுவீங்க?" என்று மது சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. வெள்ளை எனக்கு என்று சாவித்திரி முந்திக்கொண்டாள். வெள்ளைக்குத் தரங்கம்பாடி, சிவப்புக்குக் காரைக்கால்.

பொட்டலம் கட்டியது நான்தான். ஒழுங்காகத்தான் கட்டினேன். இரண்டிலும் சிவப்பை வைத்தால் என்ன என்று கை ஒரு நிமிஷம் நின்றது உண்மை. மாரியம்மனோடு விளையாட எனக்குத் தைரியம் இல்லை. மது கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். அவர் வாங்கி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பிரித்தார். நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு பூவைப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும்?

"சிவப்பு" என்றார். காகிதத்தோடு மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "காரைக்கால்தான். லாட்ஜுக்குச் சொல்லிரு."

மிச்சப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே செடியில் போட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். போட்டுவிட்டேன். அதைத் தொட்டதோடு சரி.

மே 3, சனி

துணி போடும்போது அவருடைய சட்டைப் பையைத் துழாவினேன். எப்போதும் ஸ்க்ரூ கிடக்கும், மெஷினைக் கெடுத்துவிடும். காகிதம் அகப்பட்டது. பிரித்தேன். வாடியிருந்தது, ஆனால் வெள்ளை அரளி.

மெஷின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. சாமி தரங்கம்பாடிக்குப் போகச் சொல்லியிருக்கிறது. இவர் காரைக்காலுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். சாமி முன்னால் வாய் திறந்து பொய் சொல்லியிருக்கிறார். நான் நாளெல்லாம் சனி பகவானை இழுத்துப் பேசிக்கொண்டிருந்தது வீண் வேலை. மனிதருக்கு என்னைவிட ஆசை அதிகமாக இருந்திருக்கிறது. அழுகையாக வந்தது, சந்தோஷத்தில்தான்.

பிறகு இன்னொன்று தோன்றியது. கல்யாணத்துக்குக் கேட்டபோதும் பிரித்துச் சொன்னது இவர்தான்.

இன்று இதற்கு மேல் எழுத வேண்டாம். துணி நிறைய இருக்கிறது.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். சாவித்திரி போன் செய்தாள். அவள் வீட்டுக்காரருக்குக் கால் வலியாம், நீங்கள் போய் வாருங்கள் என்றாள். சரி என்றேன். வற்புறுத்தவில்லை.

மே 9, வெள்ளி

அவர் நிலக்கடலையும் வெல்லமும் வாங்கி வந்து மேசையில் வைத்தார். "கடலை உருண்டை புடிச்சா ரயில்ல கெடாதில்ல?"

"யாருக்குங்க?"

"மதுவுக்குத்தான்."

மது கடலையைக் கண்டால் ஓடுவாள், தின்றால் அவளுக்கு முகமெல்லாம் பரு வரும். கடலை உருண்டை என்றால் உயிரை விடுகிறவள் வேறொருத்தி. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "சரிங்க, மதுவுக்குத்தானே" என்று வறுத்துப் பொடித்துப் பிடித்து டப்பாவில் அடைத்தேன். பாகு பதம் கொஞ்சம் தப்பிவிட்டது. கை ஓய்ந்துவிட்டது.

மே 14, புதன்

ராத்திரி வண்டிக்கு ஈரோடு போக வேண்டும். புளிசாதம் கட்டியாகிவிட்டது. காஸ் மூடியாகிவிட்டது. செடிக்குத் தண்ணீர் விடப் பக்கத்து வீட்டில் சொல்லியாகிவிட்டது. விடுமுறை என்று பெயர், அதற்கு முன் வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்துச் செய்கிற வேலை எனக்கு. என் பையில் புடவைகள் கொஞ்சம் கூடுதலாக வைத்திருக்கிறேன். கடற்கரை, ஈரம், மாற்றுக்கு வேண்டும்.

மே 15, வியாழன், காரைக்கால்

காலையில் வந்து சேர்ந்தோம். ஸ்டேஷனிலிருந்து லாட்ஜுக்கு வருவதற்குள் முதுகு நனைந்துவிட்டது. எங்கள் ஊர் வெயில் சுடும், இந்த ஊர் வெயில் ஒட்டுகிறது. அறையில் ஏசி இருக்கிறது. சத்தம் மட்டும் குளிர்ச்சியாக வருகிறது.

சாயந்திரம் கடற்கரைக்குப் போனோம். மது துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு அலைக்குள் ஓடினாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டி ஓரமாக நின்றார். ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார். ரோட்டில் ஸ்கூட்டரில் எந்தப் பெண் போனாலும் அவர் தலை கூடவே திரும்பியது. எனக்கு மட்டும் என்ன, நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மது நனைந்து வந்து எங்களைப் பார்த்தாள். "கடல் இந்தப் பக்கம் இருக்குதுங்கப்பா" என்றாள்.

மே 16, வெள்ளி

திருநள்ளாறு. கிளம்பிய காரணத்துக்காகவாவது போக வேண்டுமே. நளன் குளத்தில் அவர் முழுக்குப் போட்டார். எள் தீபம் வைத்தோம். கூட்டத்தில் என் செருப்பு தொலைந்தது. சனி போய்விட்டது என்று கடைக்காரர் சொல்லி வேறு செருப்பு விற்றார்.

மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது மது இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அக்காகிட்டச் சொல்லிட்டேன். நாளைக்கு சாயந்திரம் டூட்டி முடிஞ்சதும் வீட்டுக்கு வரச் சொன்னா."

அவர் சாம்பார் வாளிக்காரரை நிறுத்தி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். பிசைந்தார். சாப்பிடவில்லை.

"என்ன சொன்னா?" என்றேன்.

"வரட்டும்னா. அவ்வளவுதான்மா."

மே 17, சனி

வரிசையாக எழுதிவிடுகிறேன். களைப்பாக இருக்கிறது.

தெரு முனையில் ஆட்டோவிலிருந்து இறங்கினோம். மாடி வீடு, மாடியில் அவள். கீழே இரும்புக் கேட். சாத்தியிருந்தது, பூட்டவில்லை, தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. மது தள்ளப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். வெயிலில் அப்படியே நின்றோம், கடலை உருண்டை டப்பாவோடு. தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள்.

பிருந்தா மேலிருந்து எட்டிப் பார்த்தாள். இறங்கி வந்தாள். இளைத்திருக்கிறாள் என்று எழுத ஆசை, ஆனால் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறாள். முடியைக் குட்டையாக வெட்டிவிட்டாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அவரைப் பார்த்தாள்.

"வரலாமா அம்மிணி?" என்று கேட்டார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

"வாங்கப்பா" என்று திறந்துவிட்டாள்.

ஒரு அறை, ஒரு சமையலறை. சுத்தமாக வைத்திருக்கிறாள். டீ போட்டாள். நான் எழுந்தேன், "நீ உக்காரும்மா" என்றாள். விருந்தாளியைச் சொல்வது போலத்தான் சொன்னாள். டப்பாவைத் திறந்து ஒரு உருண்டையை எடுத்துக் கடித்தாள். "பாகு முத்திருச்சு" என்றாள். எல்லோரும் கொஞ்சம் சிரித்தோம். அதோடு இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஒண்ணு சொல்லோணும்" என்றார். "உன்ற கல்யாணத்துக்குக் கேட்டப்ப சிவப்புத்தான் வந்துச்சு. வேண்டாம்னுதான் சாமி சொல்லுச்சு. நான்தான் வெள்ளைன்னு சொல்லிப் போட்டேன்."

மது வாயைத் திறந்தபடி இருந்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"நல்ல இடம், விட்டா கிடைக்காதுன்னு நெனச்சேன். அப்புறம் நீ வந்து நின்னப்ப, சாமி உத்தரவுன்னு உன்னைத் திருப்பி அனுப்புனேன். எனக்கு..." என்றார். துண்டை வாயில் வைத்துக்கொண்டார். அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அவருடைய அப்பா செத்தபோது மட்டும்தான்.

பிருந்தா மெதுவாகத்தான் சொன்னாள்: "தெரியும்ப்பா."

"தெரியுமா?"

"நீங்க எல்லாரும் எந்திரிச்சுப் போனதுக்கப்புறம் மிச்சப் பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்தேன். சும்மா ஒரு ஆசைக்குத்தான். அதுல வெள்ளை இருந்துச்சு. அப்ப உங்க கையில இருந்தது சிவப்புத்தானே."

"அப்புறம் ஏன் கண்ணு கட்டிக்கிட்ட?"

"சாமிகிட்டயே பொய் சொல்ற அளவுக்கு எங்கப்பா ஆசைப்படறாரு, அப்ப நல்ல இடமாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அவர் தரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவள் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஆனாலும் எனக்குப் பயமாத்தான் இருந்துச்சும்மா. அதனால அந்தப் பொட்டலத்தை மூடல. தொறந்தபடி தட்டுலயே வெச்சுட்டுப் போனேன். நீதானே பூஜை ரூமைச் சுத்தம் பண்ணுவ. பாத்துட்டு நீ ஏதாச்சும் கேப்பேன்னு ரெண்டு நாளு காத்துட்டிருந்தேன். நீ பாக்கலையாம்மா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஞாபகம் இல்ல கண்ணு" என்றேன்.

உண்மைதான். எத்தனை வருஷத்துக் கதை. பூஜைப் பாத்திரம் எவ்வளவோ தேய்க்கிறேன், ஒவ்வொன்றையும் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? அன்று கல்யாணப் பேச்சில் வீடே அமளி. தட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். ஓரத்தில் ஒரு வெள்ளை இதழ் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது, நகத்தால் சுரண்டினேன். அவ்வளவுதான். மற்றபடி ஞாபகம் இல்லை.

பிருந்தா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிம்மா" என்றாள். "டீ ஆறிப்போச்சு, சூடு பண்ணித் தரட்டுமா?"

வேண்டாம் என்றேன்.

மே 18, ஞாயிறு

வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வந்தாள். அவளும் அவரும் முன்னால் பேசிக்கொண்டே நடந்தார்கள். அவர் முழங்கால் வலிக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று பிளாட்பாரத்திலேயே காலை நீட்டச் சொல்லிக் காட்டிக் கொடுத்தாள். முழங்கால் வலி எனக்குத்தான் அதிகம்.

வண்டி வருவதற்கு முன் அவர் சொன்னார்: "உங்கம்மா ஒரு வாரம் இருந்துட்டு வரட்டும். உனக்கும் தொணையா இருக்கும். நாங்க பாத்துக்கறோம்."

நான் அவரிடம் அப்படிக் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். என் பை கையிலேயே இருந்தது.

"வேண்டாம்ப்பா. அம்மா உங்களோடவே வரட்டும்" என்றாள் பிருந்தா. கோபமாகச் சொல்லவில்லை. "மது வேணா இருக்கட்டும். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள நானே கொண்டாந்து விடறேன்."

கொண்டு வந்து விடுகிறேன் என்றாள். வீட்டுக்கு வருகிறேன் என்றுதானே அர்த்தம்? அவர் முகம் எப்படி மலர்ந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. மது அங்கேயே துள்ளிக் குதித்தாள்.

எனக்குப் புரிகிறது. ஒரே அறை. வேலைக்குப் போகிறவள். நான் இருந்தால் எனக்கென்று தனியாக அரிசி போட வேண்டும், மாத்திரை நேரம் பார்க்க வேண்டும். மது சின்னப் பெண், எதையாவது தின்றுவிட்டுக் கிடப்பாள். அதனால்தான் சொன்னாள். வேறொன்றும் இல்லை.

வண்டியில் அவர் உடனே தூங்கிவிட்டார். இப்படித் தூங்கி எத்தனை காலமாயிற்று. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தேன்.

மே 19, திங்கள்

மூட்டை மூட்டையாகத் துணி. உடுத்தாத புடவைகளை அப்படியே பீரோவில் திருப்பி வைத்தேன்.

மே 25, ஞாயிறு

தினமும் சாயந்திரம் அவருக்குப் போன் வருகிறது. கடையில் இருந்தபடியே பேசிவிடுகிறார். வீட்டுக்கு வந்ததும், "உன்னையும் கேட்டா" என்கிறார். கேட்டிருப்பாள்.

இன்று சாவித்திரி வந்தாள். பிருந்தா பள்ளி திறப்பதற்கு முன் வருகிறாள் என்று அவர் சொன்னதும் தேம்பித் தேம்பி அழுதாள். அவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றாள். அதெல்லாம் வேண்டாம், ஒரு வாய் பேசு, போதும் என்று அவர் தேற்றினார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து காபி குடித்தாள். காபி இறங்கியதும் பழைய சாவித்திரி ஆகிவிட்டாள்.

"சரி, அடுத்த வருஷம் எந்த ஊருங்ணா? இப்பவே சொல்லீருங்க, எங்க வீட்டுக்காரரை நான் சரிக்கட்டோணும்."

"காரைக்கால்தான்" என்றார் அவர், பட்டென்று. "இனி எப்பவும் காரைக்கால்தான்."

"நீங்க என்னங்க அண்ணி சொல்றீங்க? நீங்கதானே மொதல்ல இருந்தே காரைக்கால், காரைக்கால்னு ஒத்தக்கால்ல நின்னீங்க?"

காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எனக்குக் கடல்காத்து ஒத்துக்கல சாவித்திரி" என்றேன். "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன்."